கேமரா பார்க்கும் பக்கம்

உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். இப்போதைக்கு இவர்களைத் 'தெரியணும்' இனம் என்று வைத்துக்கொள்வோம். அடுப்பில் என்ன வேகிறது என்பது இந்த இனத்துக்கு முக்கியமில்லை, புகை பக்கத்து வீட்டுக்குத் தெரியணும். கூரை ஒழுகினால் ஒழுகட்டும், தெருவிலிருந்து பார்த்தால் முகப்பு பளிச்சென்று தெரியணும். மகள் என்ன படிக்கிறாள் என்று கேட்டால் விழிப்பார்கள். அவள் மேடையேறிப் பரிசு வாங்கிய படம் மட்டும் வரவேற்பறையில் மூன்று அளவுகளில் தொங்கும்.

இந்த இனம் உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது. ஆனால் நன்றாகத் தின்று கொழுத்து, மேனி பளபளக்க, முழு ஆரோக்கியத்தோடு பார்க்க வேண்டுமென்றால் எங்கள் பக்கம்தான் வர வேண்டும். அமெரிக்காவின் நடுத்தரமான ஒரு பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்து, இருப்பதிலேயே புதிய கட்டடம் எது என்று கேளுங்கள். யாரும் நூலகத்தைக் கை காட்ட மாட்டார்கள். கண்ணாடிச் சுவரும், வாசலில் வெண்கலச் சிலையும், உள்ளே நுழைந்ததும் கால் புதையும் கம்பளமுமாக ஒன்று நிற்கும். அது விளையாட்டுத்துறை. அதன் மேல்மாடி மூலை அறையில் உட்கார்ந்திருப்பவர்தான் நம்மாள். விளையாட்டுத்துறை இயக்குநர்.

'நடுத்தரமான' என்ற சொல்லைக் கவனித்தீர்களா? மிகப் பெரிய பல்கலைக்கழகங்களுக்கு டிவிக்காரர்கள் மூட்டை மூட்டையாகக் கொட்டுகிறார்கள். மிகச் சிறிய கல்லூரிகளை டிவி எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அங்கே இயக்குநரே சனிக்கிழமை காலையில் மைதானத்தில் கோடு போட்டு, மத்தியானம் டிக்கெட் கிழித்து, சாயங்காலம் காலி டப்பாக்களைப் பொறுக்கிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். நிம்மதியான மனிதர். இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்களுக்குத்தான் டிவி கொஞ்சம் கொடுக்கும். அந்தக் கொஞ்சம்தான் ஆபத்து. விருந்துக்கு அழைக்கப்படாதவன் வீட்டில் இருப்பதைச் சாப்பிட்டுத் தூங்கிவிடுகிறான். பந்தலுக்கு வெளியே நின்று வாசனை பிடித்தவனுக்குத்தான் தூக்கம் போகிறது.

எங்கள் ஊர் வெல்டன். ஒரு பக்கம் சோளக்கொல்லை, மறுபக்கம் ஏரி, நடுவில் வெல்டன் மாநிலப் பல்கலைக்கழகம். அதன் அணிகளுக்கு 'நீர்நாய்கள்' என்று பெயர். இயக்குநர் பெயர் லோவெல் ப்ரிங்க்மன். கத்தரிப்பூ நிறக் கோட்டு போட்டிருப்பார். அது பல்கலைக்கழகத்தின் நிறம். கோட்டு இல்லாத லோவெலை அவருடைய மனைவியாவது பார்த்திருப்பாரா என்பது ஊரில் நெடுநாள் சந்தேகம். அவர் உங்களுக்குக் கை கொடுப்பார், தோளில் தட்டுவார், பெயர் சொல்லி அழைப்பார். பார்வை மட்டும் உங்கள் தோளுக்கு மேலே எங்கேயோ இருக்கும். படம் எடுப்பவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று பார்க்கிறார். தப்பாக நினைக்காதீர்கள், உங்களையும் சேர்த்துத்தான் படத்தில் திருப்புவார்.

அவரிடம் சில வாக்கியங்கள் உண்டு. "இது செலவு இல்ல, முதலீடு" என்பது ஒன்று. "விளையாட்டுதான் பல்கலைக்கழகத்தோட முன்வாசல்" என்பது இன்னொன்று. முன்வாசலுக்கு வண்ணம் அடிக்கப் பின்கட்டுக் கூரையின் ஓடுகளைப் பிரித்து விற்றுக்கொண்டிருப்பார் என்றாலும், சொல்லும்போது கேட்க நன்றாகத்தான் இருக்கும். "நாம எல்லாரும் ஒரே குடும்பம்" என்று அவர் ஆரம்பித்தால் மட்டும் உங்கள் தட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். யாருடைய தட்டோ போகப்போகிறது.

அந்தக் 'கொஞ்சம்' எப்படி வேலை செய்கிறது என்று எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். எங்கள் லீக்கில் பன்னிரண்டு பல்கலைக்கழகங்கள். டிவி நிறுவனம் லீக்குக்குப் பணம் கொடுக்கிறது, லீக் பங்கு பிரிக்கிறது. வெல்டனுக்கு வருவது வருடத்துக்கு ஒன்பது லட்சம் டாலர். பெரிய தொகைதானே? எல்லோரும் கை தட்டினோம். அப்புறம் டிவிக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, மைதானத்தில் வெளிச்சம் போதாது, ஆட்டக்காரர்கள் முகம் திரையில் இருட்டாகத் தெரிகிறது என்றார்கள். விளக்குகளை மாற்றினார்கள். புது விளக்கின் வெளிச்சத்தில் பழைய ஸ்கோர் பலகை பல்லை இளித்தது. மூன்று மாடி உயரத்துக்குப் புதுத் திரை வந்தது. விளக்கும் திரையும் வந்த பிறகு இன்னொன்று மிகத் தெளிவாகத் தெரிய ஆரம்பித்தது. எங்கள் ஃபுட்பால் அணி, அதாவது பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடும் அமெரிக்க ஃபுட்பால் அணி, தோற்றுக்கொண்டிருந்தது. உடனே பயிற்சியாளரை நீக்கினார்கள். நீக்கினால் போய்விடுவாரா? ஒப்பந்தத்தில் மூன்று வருடம் மிச்சம். இப்போது அவர் ஏரியில் மீன் பிடித்துக்கொண்டிருக்கிறார், வேதியியல் துறை முழுவதும் சேர்ந்து வாங்குவதைவிட அதிகமாக வாங்கிக்கொண்டு.

மிச்சப் பணம் எங்கிருந்து வருகிறது? ஒவ்வொரு மாணவரும் படிப்புக் கட்டணத்தோடு 'வளாக வாழ்க்கைக் கட்டணம்' என்று ஒன்றைக் கட்ட வேண்டும். நர்ஸ் படிப்புக்கு வந்து, சாயங்காலம் கோழி வறுக்கும் கடையில் நின்று, மிச்ச நேரத்தில் பஸ்ஸிலேயே தூங்கி, நாலு வருடத்தில் ஒருமுறைகூட மைதானத்தின் கதவைப் பார்த்திராத பெண்ணும் அதைக் கட்டுகிறாள். வருடத்துக்கு ஆயிரத்து நூறு டாலர். டிவி எங்களுக்குச் சோறு போடுகிறதா, நாங்கள் டிவிக்குப் போடுகிறோமா? இந்தக் கேள்வியை லோவெலிடம் கேட்டால் அவர் உங்கள் தோளில் தட்டி, "நீ நல்லா யோசிக்கிற தம்பி" என்பார். கேள்வி அங்கேயே நிற்கும். அவர் லிஃப்ட்டில் ஏறியிருப்பார்.

சரி, டிவி வந்ததே, எப்போது வந்தது? சனிக்கிழமைகள் பெரிய பல்கலைக்கழகங்களுக்கு. எங்களைப் போன்றவர்களுக்கு நவம்பர் மாதத்துச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம். மறுநாள் வகுப்பு, சோதனைச்சாலைத் தேர்வு, ஏரியிலிருந்து காதைத் திருகும் காற்று. இருபத்திரண்டாயிரம் பேர் உட்காரும் மைதானத்துக்கு ஒரு சுமாரான கல்யாணக் கூட்டம் வரும். அதிலும் பாதிப் பேர் முதல் அரை மணி நேரத்தில் முகூர்த்தம் முடிந்ததுபோல் எழுந்து போய்விடுவார்கள். ஆட்டம் சூடு பிடிக்கும் நேரமாகப் பார்த்து, சிவப்புக் கையுறை போட்ட ஒருவர் மைதானத்துக்குள் வந்து கைகளைக் கட்டிக்கொண்டு நிற்பார். டிவியில் விளம்பரம் ஓடுகிறது என்று பொருள். இருபத்திரண்டு வாலிபர்கள் வாயில் ஆவி பறக்க அவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அவர் கையை இறக்கினால்தான் ஆட்டம். நடுவரைத் திட்டுகிற ஊர் ஜனம், அவரைத் திட்டாது. அவர்தான் படி அளக்கிறவர் என்று எல்லோருக்கும் தெரியும்.

காலி இருக்கைகள் டிவியில் தெரிந்தால் அசிங்கமில்லையா? இங்கேதான் லோவெலின் மூளை வேலை செய்தது. பெரிய கேமரா மேற்குப் பக்க மாடத்தில் இருக்கிறது. அது பார்ப்பது கிழக்குப் பக்கத்தை. அப்படியானால் வந்திருக்கிற எல்லோரையும் கிழக்கே உட்கார வைத்துவிட்டால்? உலகம் பார்க்கும் பக்கம் நிறைந்திருக்கும். உலகம் பார்க்காத பக்கம் எப்படி இருந்தால் என்ன?

ஓய்வு பெற்ற தபால்காரர் ஹியூகோ ஸ்டானெக்கும் அவர் மனைவி லோர்னாவும் நாற்பது வருடமாக மேற்குப் பக்கத்தில் சீசன் டிக்கெட் வைத்திருப்பவர்கள். கத்தரிப்பூ நிறச் சட்டை போட்ட ஒரு ஊழியர் வந்து அவர்களைக் கிளப்பினார்.

"நாப்பது வருஷமா இங்கதான்யா உக்காருறேன். இங்க காத்து முதுகுல அடிக்கும். அங்க போனா மூஞ்சியில அடிக்கும்" என்றார் ஹியூகோ.

"அங்க உக்காந்தா டிவியில தெரிவீங்க சார்."

"என் மூஞ்சியப் பாக்கணும்னு எவன் தவம் கெடக்குறான்? என் பொண்டாட்டியே பாக்க மாட்டேங்குறா."

"நாப்பது வருஷம் பாத்தாச்சு, போதும். எந்திரிங்க, கம்பளிய எடுங்க" என்றார் லோர்னா.

இப்படி ஒவ்வொருவராகக் கிளப்பியும் கிழக்குப் பக்கம் பொக்கை வாயாகத்தான் இருந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமைக்கு முன்னால் லோவெல் எல்லாப் பயிற்சியாளர்களுக்கும் கடிதம் அனுப்பினார். மல்யுத்தம், ஓட்டம், நீச்சல், டென்னிஸ் என்று எல்லா அணிகளும் கத்தரிப்பூ நிறச் சட்டையில் கிழக்குப் பக்கத்துக்கு வந்து உட்கார வேண்டும். வருகைப் பதிவு உண்டு.

இதில் பெண்கள் நீச்சல் அணியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இருபத்தாறு பேர். விடியற்காலை ஐந்தரைக்கு ஒரு பயிற்சி, வகுப்பெல்லாம் முடிந்து மாலையில் ஒரு பயிற்சி. செப்டம்பரிலேயே குளத்தின் பாய்லர் செத்துப்போயிருந்தது. பாதிச் சூட்டில் ஒரு மாற்று இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அந்தத் தண்ணீரில் குதித்துவிட்டு ஏறுகிறவர்களின் உதடு பல்கலைக்கழகத்தின் நிறத்துக்கு வந்துவிடும். அந்த அணியை மூடப்போகிறார்கள் என்று கோடையிலிருந்து ஒரு பேச்சு. நீர்நாய் என்று பெயர் வைத்துக்கொண்டு நீச்சலை மூடுவார்களா என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். உள்ளூரில் யாருக்கும் அது வேடிக்கையாகத் தோன்றவில்லை. நீர்நாயின் பொம்மை விற்கிறது, நீச்சல் விற்கவில்லை, அவ்வளவுதான்.

அணியின் பயிற்சியாளர் மார்னி ஓல்ஷெவ்ஸ்கி பத்தொன்பது வருடமாக அங்கே இருப்பவர். கடிதத்தை எடுத்துக்கொண்டு நேராக மூலை அறைக்குப் போனார்.

"லோவெல், வெள்ளிக்கிழமை எங்களுக்குப் போட்டி. செவ்வாய்க்கிழமை மூணு மணி நேரம் அந்தக் காத்துல உக்கார வெச்சா பிள்ளைங்களுக்குத் தோள் இறுகிடும்."

"மார்னி, இங்க பாரும்மா. உன் பொண்ணுங்க மாதிரி டிவிக்குப் பொருத்தமானவங்க வேற யாரு? என்ன அகலத் தோள்! ஒருத்தி உக்காந்தா ரெண்டு சீட்டு நிறைஞ்ச மாதிரி தெரியும்."

"இத அவங்க முன்னாடி சொல்லிடாதீங்க. தூக்கித் தண்ணியில போட்டுருவாங்க."

லோவெல் சிரித்தார். அவர் நன்றாகச் சிரிப்பார்.

"நேராவே கேக்குறேன்" என்றார் மார்னி. "அடுத்த வருஷம் நீச்சல் இருக்கா, இல்லையா?"

"இன்னும் எந்த முடிவும் எடுக்கல."

இந்த இனத்தின் பேச்சில் இதற்கு ஒரே பொருள்தான். முடிவு எடுத்தாகிவிட்டது, தேதிதான் பாக்கி.

"நல்லா ஒத்துழைச்சவங்கள நான் மறக்க மாட்டேன் மார்னி. நாம எல்லாரும் ஒரே குடும்பம்தானே?"

"குடும்பம்னா பாய்லர் எப்ப வரும்?"

"முதல்ல நாம தெரியணும். தெரிஞ்சா பணம் வரும். பணம் வந்தா உன் தண்ணி தன்னால சூடாகும்."

மார்னி என்ன செய்வார்? கையில் வேறு சீட்டு இல்லாதவர், கொடுத்த சீட்டை ஆடித்தான் ஆக வேண்டும். அன்று மாலை குளத்தங்கரையில் பெண்களைக் கூட்டினார்.

"செவ்வாய்க்கிழமை எல்லாரும் போறோம். சிரிச்ச மூஞ்சியோட உக்காரணும். யாரும் போனை நோண்டக் கூடாது. யாருக்குத் தெரியும், இதுவே நம்மைக் காப்பாத்தலாம்."

மூன்றாம் வருட மாணவி டெலியா ஹ்ரூஸ்கா துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். பட்டாம்பூச்சி நீச்சலில் வெல்டனின் பழைய சாதனைக்கு அரை நொடி பின்னால் இருப்பவள். "கோச், நாம நீந்துறத அவர் ஒரு நாளும் வந்து பாத்ததில்ல. நாம உக்காந்திருக்கறதப் பாத்தா மனசு மாறிடுமா?"

"எனக்குத் தெரியாதும்மா. வா, உக்காந்து பாப்போம்."

"சிரிச்சுக்கிட்டேவா?"

"பல்லு தெரிய."

செவ்வாய்க்கிழமை லோவெல் காலையிலிருந்தே கையில் ஒரு வரைபடத்தோடு அலைந்தார். எந்த வரிசையில் யார், உயரமானவர்கள் எங்கே, குட்டையானவர்கள் எங்கே என்று கல்யாண போட்டோக்காரர் தோற்றுப்போகும்படி குறித்திருந்தார். இடைவேளையில் டிவி நிருபர் அவரை நேரலையில் பேட்டி எடுப்பதாக இருந்தது. கிழக்குப் பக்கத்து முதல் வரிசைக்கு முன்னால் நின்று பேட்டி. ஆகவே அவருக்குப் பின்னால் தெரியப்போகிற நான்கு வரிசைகள்தான் மிக முக்கியம். அங்கே யாரை வைக்கலாம்? சொன்னால் கேட்கிறவர்கள், நேரத்துக்கு வருகிறவர்கள், நிமிர்ந்து உட்காருகிறவர்கள், அகலமாகத் தெரிகிறவர்கள். நீச்சல் அணியை வைத்தார். தன் கையாலேயே வைத்தார்.

இடைவேளையில் முப்பத்தொன்றுக்கு மூன்று என்று தோற்றுக்கொண்டிருந்தோம். நிருபர் ஒலிவாங்கியோடு வந்தாள். கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தது. லோவெலின் முகத்திலும் ஏதோ எரிந்தது. பேட்டி புதுத் திரையிலும் ஓடிற்று, அதன் ஒலிபெருக்கி ஏரிக்கரை வரை கேட்கும்.

"வெல்டன் இதைவிடப் பெரிய லீக்குக்குப் போகப்போகுதுன்னு ஒரு பேச்சு இருக்கே, உண்மையா?"

இந்தச் செய்தியை வெளியிட லோவெல் நாள் குறித்து வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி. கெட்ட செய்தி கலந்த எதையும் எங்கள் பக்கத்தில் அந்த நேரத்தில்தான் வெளியிடுவார்கள். நிருபர்கள் வீட்டுக்குக் கிளம்பியிருப்பார்கள், ஊர் பீர் வாங்கப் போயிருக்கும். மூன்று நாள் பொறுத்திருந்தால் போதும். ஆனால் இந்த இனத்தின் உடலமைப்பில் ஒரு கோளாறு. சிவப்பு விளக்கு எரிந்தால் வாய்க்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கிற கதவு திறந்துகொள்ளும்.

"உண்மைதான்! அழைப்பு வந்திருக்கு. நாட்டுக்கே முதல்ல உங்க நிகழ்ச்சியிலதான் சொல்றேன்."

"வாழ்த்துகள்! ஆனா அந்த லீக்ல செலவு அதிகமாச்சே. சமாளிச்சிடுவீங்களா?"

"சில கஷ்டமான முடிவு எடுத்துத்தான் ஆகணும். பெண்கள் நீச்சல் அணிய இந்தக் கல்வியாண்டோட நிறுத்துறோம். இது செலவுக் குறைப்பு இல்ல, முதலீடு."

தனக்குப் பின்னால் யாரை உட்கார வைத்தோம் என்பது அவருக்கு நினைவில்லை. நாற்காலியை எங்கே போட்டோம் என்று நினைவிருக்கும். நாற்காலிக்குக் காது உண்டா என்று யார் யோசிப்பார்கள்?

இருபத்தாறு பேரும் எதிரே இருந்த திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்று மாடி உயரத்தில் லோவெலின் முகம், அதற்குப் பின்னால் அவர்களுடைய முகங்கள். பல் தெரியச் சிரிக்கச் சொல்லியிருந்தார்கள் அல்லவா? தங்கள் அணி செத்த செய்தியைக் கேட்டு ஒரு முழு நொடி தாங்களே சிரித்துக்கொண்டிருப்பதை அவர்கள் பார்த்தார்கள்.

டெலியா எழுந்தாள். பக்கத்திலிருந்தவள், "எங்கடி போற?" என்றாள். "எதிர்ப்பக்கம்" என்றாள் டெலியா. அவ்வளவுதான் பேச்சு. அவள் படியிறங்கி, லோவெலின் முதுகுக்குப் பின்னால் கடந்து, மைதானத்தின் ஓரமாகச் சுற்றி மேற்குப் பக்கத்தைப் பார்த்து நடந்தாள். அவளுக்குப் பின்னால் ஒருத்தி, அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. ஒவ்வொருவராகத் திரையில் லோவெலின் காதுக்குப் பின்னால் தோன்றி மறைந்தார்கள். கடைசியாக மார்னி. ஏதோ அசைகிறது என்று லோவெல் திரும்பிப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கட்டை விரலை உயர்த்தி, "பாருங்க, பிள்ளைங்க உற்சாகத்தப் பாருங்க!" என்று நிருபரிடம் சொன்னார். அதுவும் நேரலையில் போயிற்று.

அடுத்து மல்யுத்த அணி எழுந்தது. நாளைக்கு நாம்தான் என்று கணக்குப் போடப் பெரிய படிப்பு தேவையில்லை. ஓட்டக்காரர்கள் எழுந்தார்கள். "கம்பளிய எடுடி, நம்ம எடத்துக்குப் போவோம்" என்றார் ஹியூகோ. லோர்னா அவருக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தார். கால் மணி நேரத்தில் கிழக்குப் பக்கம் முழுக்கக் காலி. லோவெலின் அலுவலக ஊழியர்கள் ஒன்பது பேரும், நீர்நாய் வேஷம் போட்டவரும் மட்டும் மிஞ்சினார்கள். அவர்களுக்குச் சம்பளம்.

முப்பத்தொன்றுக்கு மூன்று என்ற ஆட்டத்தை யார் பார்ப்பார்கள்? ஒளிபரப்பு வண்டிக்குள் இருந்தவர் கேமராக்களை மேற்கே திருப்பினார். வர்ணனையாளர்கள் பந்தை மறந்துவிட்டு அந்தப் பெண்களைப் பற்றியே பேசினார்கள். மறுநாள் காலைக்குள் அந்தக் காட்சியை முப்பத்தெட்டு லட்சம் பேர் பார்த்திருந்தார்கள்.

லோவெல் ஒழிந்தார் என்று ஊர் முடிவு கட்டிற்று. டோனட் கடையில் அவருக்கு அடுத்து யார் வருவார் என்று பேசிக்கொண்டார்கள். பல்கலைக்கழகத் தலைவர் கூப்பிட்டு விசாரிப்பார், மன்னிப்பு வரும், அணி பிழைக்கும், பாய்லரும் வந்துவிடும் என்று நானும் நம்பினேன். இந்த இனத்தைப் பற்றி எனக்கு அப்போது அவ்வளவுதான் தெரியும்.

வியாழக்கிழமை நன்கொடையாளர்களுக்கு மதிய விருந்து. லோவெல் மேடையேறி அந்தக் காட்சியைத் தானே திரையில் ஓட்டிக் காட்டினார். "பதினோரு வருஷமா இந்தப் பதவியில இருக்கேன். நம்ம ஊர் பேரை முப்பத்தெட்டு லட்சம் பேர் ஒரே நாள்ல கேட்டதில்ல!" என்றார். பன்றி இறைச்சியை மென்றுகொண்டிருந்தவர்கள் கை தட்டினார்கள். பெரிய லீக்கும் சந்தோஷப்பட்டது, பார்வையாளர்களை இழுக்கிற பல்கலைக்கழகம் யாருக்குத்தான் கசக்கும்? டிவிக்காரர்கள் இன்னும் இரண்டு செவ்வாய்க்கிழமை கொடுத்தார்கள்.

அன்று மாலை மார்னி மறுபடியும் மூலை அறைக்குப் போனார்.

"இத்தன லட்சம் பேர் பாத்தாங்களே லோவெல். இப்பவாவது அணிய விட்டு வைக்கலாமில்ல?"

"மார்னி! உக்காரும்மா. உன் பொண்ணுங்களுக்கு நான் நன்றி சொல்லணும். காசு கொட்டிக் குடுத்தாலும் இப்படி விளம்பரம் கிடைக்குமா?"

"அப்ப அணி?"

"அது வேற, இது வேற." கோட்டின் பொத்தானைச் சரிசெய்துகொண்டு முன்னால் சாய்ந்தார். "ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். அடுத்த செவ்வாயும் இடைவேளையில இதே மாதிரி எந்திரிச்சு நடப்பாங்களா?"

மார்னி அவரையே பார்த்தார். "மூடுற அணிய வெச்சா?"

"மே மாசம் வரைக்கும் இருக்காங்கல்ல?"

இதில் கேலி இல்லை. அவர் உண்மையாகவே கேட்டார், ஒரு தேதிக்காக டைரியையும் திறந்து வைத்திருந்தார். கெட்டவனாக இருந்தால் எங்காவது ஒரு இடத்தில் வெட்கப்பட்டிருப்பான். வெட்கப்படுவதற்கு, யாரும் பார்க்காத ஓர் இடம் மனதுக்குள் இருக்க வேண்டும். இந்த இனம் அந்த இடத்தையும் வாடகைக்கு விட்டுவிட்டது.

"நடக்க மாட்டாங்க" என்றார் மார்னி. "அன்னைக்குப் பயிற்சி இருக்கு."

அப்படியே, அடுத்த செவ்வாய்க்கிழமை அவர்கள் நீந்தினார்கள், உதடு நிறம் மாற. பிப்ரவரி கடைசிச் சனிக்கிழமை உள்ளூரில் அவர்களுடைய கடைசிப் போட்டி நடந்தது. முந்நூறு பேர் உட்காரும் குளத்தங்கரையில் முப்பத்தொரு பேர் இருந்தார்கள் என்று மார்னி சொன்னார். அதில் பத்தொன்பது பேர் அம்மா அப்பாக்கள். டெலியா பட்டாம்பூச்சியில் பழைய சாதனையை முறியடித்தாள். தண்ணீரிலிருந்து ஏறி, மூச்சு வாங்கிக்கொண்டே, "பாத்தீங்களா கோச்?" என்றாள். "பாத்தேன்டி" என்றார் மார்னி. சொன்னபடியே மே மாதம் அணி மூடப்பட்டது. போட்டி முடிந்த திங்கட்கிழமையே விளையாட்டுத்துறை ஒரு செய்திக் குறிப்பு வெளியிட்டிருந்தது. டெலியா ஹ்ரூஸ்காவின் சாதனை வெல்டனில் என்றென்றைக்கும் முறியடிக்கப்படாமல் நிற்கும் என்று அதில் பெருமையோடு எழுதியிருந்தார்கள். பொய் என்று சொல்ல முடியுமா?

லோவெலைப் பார்த்துச் சிரித்தீர்கள் அல்லவா? சிரிக்கத்தான் எழுதினேன். ஒரே ஒரு சின்ன விஷயம். அந்தப் பெண்கள் வரிசையாக நடக்கிற காட்சியை நீங்களும் பார்த்தீர்கள், இல்லையா? கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள். "என்ன அநியாயம்" என்றீர்கள். இரண்டாம் முறை பார்த்தீர்கள், நாலு பேருக்கு அனுப்பினீர்கள், அனுப்பியதும் ஏதோ செய்துவிட்டதுபோல் மனசு லேசாயிற்று. நன்கொடையாளர் விருந்தில் லோவெல் சொன்ன முப்பத்தெட்டு லட்சத்தில் உங்களையும் சேர்த்துத்தான் சொன்னார். உங்கள் கண்ணீரை அவர் இரண்டு முறை எண்ணியிருக்கிறார்.

குளத்தங்கரையில் எண்ணியபோது முப்பத்தொரு பேர். கதவு திறந்துதான் இருந்தது, டிக்கெட் கிடையாது. எங்கே போயிருந்தீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. பிப்ரவரி கடைசிச் சனிக்கிழமை மத்தியானம். தெரியும், எனக்கும் தெரியும். டிவியில் கூடைப்பந்து, நல்ல ஆட்டம்.